கரண்டு போன மதியங்கள்

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதை முகர்ந்து பார்க்க வேண்டும். முன்பக்கத்துப் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. மேல்மூடியில் சூடு வெளியேறுவதற்கென்று வரிவரியாகத் துளை விட்டிருப்பார்கள். அங்கே மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தூசி வாசனை என்றால் பரவாயில்லை. கரிந்த வாசனை என்றால் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மீன் கவிச்சி மாதிரி ஒன்று வந்தால் உள்ளே கண்டென்சர் என்கிற சின்ன உருளை ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். அது மாற்றக்கூடியதுதான், வாங்கலாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும், மேடம். "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது இதுதான். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். லைனில் இரைச்சல், குறுக்கே வேறு யாரோ பேசுகிறார்கள், பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது என்று புகார் வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். மற்றவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று வந்துவிடுவார்கள். எது கெட்டிருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். நான் அப்படிச் செய்ததே இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். ஒன்றைக் கழற்றி, கேட்டு, மறுபடி மாட்டி, அடுத்ததைக் கழற்றுவேன். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. நேரம் பிடிக்கும். ஆனால் தப்பாது.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் அண்ணன் படுத்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல் அறுக்கும் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவர். நுரையீரல் பூராவும் கல் தூசி படிந்துவிட்டது, இனி நல்ல காற்று போனாலும் அது பிடித்துக்கொள்ளாது என்றார் டாக்டர். அண்ணி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆக அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறையில் நான், உள்ளறையில் அவர், நடுவே எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவு.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இருந்தது. சிலிண்டர் இல்லை, மேடம், மிஷின். கரண்டில் ஓடும். அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய டியூப் வழியாக மூக்குக்கு அனுப்பும். இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். ஓடும்போது ஒரு உறுமல், பதினோரு விநாடிக்கு ஒரு தரம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கரண்டு போனால் என்ன செய்வது என்று ஒரு சிலிண்டரும் மூலையில் நின்றது.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு நர்ஸம்மா வருவார். குளிப்பாட்டி, துணி மாற்றி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்து எழுதிவிட்டுப் போவார். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் வெளியே போக முடியும். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் நான்தான். அண்ணன் நல்ல மனிதர். என் படிப்புக்குப் பணம் கட்டியவர். அதை நான் எப்போதும் மறந்ததில்லை. ஆனால் நாலு வருஷம் ஒரே உறுமலைக் கேட்டுக்கொண்டு இருந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம் இல்லை. சலிப்புகூட இல்லை. காதுக்குள் எதையோ அடைத்துவைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு காலைநேரத்தில்தான் அதை வாங்கினேன். விளம்பரம் கொடுத்திருந்தவர் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஒரு அம்மாள். கணவர் இறந்து இரண்டு வருஷம். ஆம்ப்ளிஃபயரும் ட்யூனரும் ஜோடியாகத் துணி போர்த்தி இருந்தன. ட்யூனர் என்றால் வானொலி நிலையத்தைப் பிடிக்கிற பெட்டி. அது பிடித்துக் கொடுப்பதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயர். நான் குனிந்து முகர்ந்தேன். கவிச்சி வாசனை.

"என்னங்க, பலகாரம் மாதிரி மோந்து பாக்கறீங்க" என்றார் அந்த அம்மாள்.

"உள்ள ரெண்டு சாமான் ஒழுகியிருக்கும்மா. சரி பண்ணிடலாம்."

"அவர் போனப்புறம் நான் தொடவே இல்ல. எடுத்துட்டுப் போங்க, வீட்ல கொஞ்சம் இடமாவது கிடைக்கும். ஆனா நல்லா பாத்துக்கங்க. என்னைவிட அதைத்தான் அவர் ஜாஸ்தி தொடச்சார்."

வாடகை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நடையாகப் படியேற்றி முன்னறை மேஜைமேல் வைத்தபோது அண்ணன் உள்ளேயிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஒரு வழியா வீட்டுக்கு ஒருத்தியக் கூட்டிட்டு வந்துட்டாம்மா" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். "பக்கத்துல யாருடா அது, மச்சினியா?"

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்கள் வீடு நன்றாக இருந்தது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய மூன்று மாதம் ஆயிற்று. நேராக பிளக்கில் செருகக் கூடாது. ஒரு குண்டு பல்பை நடுவில் இணைத்துத்தான் முதலில் கரண்டு கொடுக்க வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பித்துவிடும். பளிச்சென்றுதான் எரிந்தது. பதினேழு கண்டென்சர் மாற்றினேன். வால்யூம் குமிழ் திருகினால் கரகரவென்றது, கழற்றிக் கழுவினேன். ட்யூனரில் முள்ளை நகர்த்துகிற நூல் அறுந்திருந்தது. அது ஒரு மெல்லிய நூல்தான். நாலு கப்பியில் சுற்றி, ஒரு ஸ்பிரிங்கில் இழுத்து மாட்ட வேண்டும். ஆறு மதியம் அதற்கே போனது. கடைசியில் முள் வழுக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியபோது நான் ஒரு மணி நேரம் சும்மா அதைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

"என்னடா, இன்னும் பேசமாட்டேங்குறாளா?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கேட்பார்.

"பேசுவாண்ணே. கொஞ்சம் பொறுங்க."

பேசினாள். ஆனால் பின்னால் ஒரு கொர்ரென்ற சத்தம். பாட்டுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி அது இருந்துகொண்டே இருந்தது. அதோடு அவ்வப்போது டப் என்று ஒரு வெட்டு. யாருக்கும் அது பெரிதாகத் தெரியாது. நர்ஸம்மா கேட்டுவிட்டு, "எவ்ளோ தெளிவா இருக்கு சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு அந்த டப் மட்டும்தான் கேட்டது. பாட்டே கேட்கவில்லை.

நான் என் முறைப்படி இறங்கினேன். ஃபிரிட்ஜை நிறுத்திக் கேட்டேன். விசிறிகள், டியூப்லைட், ஃபோன் சார்ஜர், தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகக் காத்திருந்து, அவர் வீட்டில் எதுவும் ஓடாத நாளில் கேட்டேன். ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் தாளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சொல்லப்போனால் எனக்கு முதல் நாளே தெரியும். அந்த டப் பதினோரு விநாடிக்கு ஒரு முறை வந்தது.

அதைத் தொடக் கூடாது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் தொடவில்லை. அந்த இரண்டு வாரமும் ஆம்ப்ளிஃபயரைப் போடவும் இல்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. என்னை நீங்கள் அவசரக்காரன் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். நியாயமான வழி. சிலிண்டர் இருந்ததே. "அண்ணே, மிஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம், சூடாகுது" என்று சொல்லி டியூபைச் சிலிண்டரில் மாட்டினேன். மிஷினை அணைத்தேன். முன்னறைக்கு வந்து குமிழைத் திருப்பினேன்.

கொர்ரும் இல்லை, டப்பும் இல்லை. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவள் அடுத்த வரிக்கு முன்னால் உதட்டைப் பிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், மேடம். அழுகிற ஆள் இல்லை நான். அண்ணி போனபோதுகூட அழவில்லை.

பத்து நாள் அப்படிக் கேட்டேன். தினம் மதியம் இரண்டரைக்கு ஒரு இசை நிகழ்ச்சி, முக்கால் மணி நேரம். சிலிண்டர் காலியாயிற்று. அதை நிரப்பிக் கொடுக்கிறவன் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவான். "கரண்டு அவ்ளோ போகுதா சார் உங்க ஏரியால?" என்று கேட்டான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவசரத்துக்கு வைத்திருக்கிற சாமானைப் பாட்டுக்காகச் செலவு செய்வது தப்பு என்று பட்டது. அதனால் நிறைந்த சிலிண்டரை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுகூட அது முழுசாகத்தான் இருந்தது.

கண்டென்சர் வாங்குகிற கடைக்காரரிடமும் கேட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலேயே வைத்திருப்பார், மூக்குக்கு அது வந்து நான் பார்த்ததில்லை. "இதுக்குப் போயி ஏன் சார் மண்டையை உடைச்சுக்கறீங்க? பிளக்குல ஒரு ஃபில்டர் போடுங்க. சின்ன டப்பா. சத்தம் அடங்கிடும்" என்றார். எடுத்து மேஜைமேல் வைக்கவும் செய்தார்.

நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஃபில்டர் இரைச்சலை அமுக்கும், நீக்காது. கோளாறு அப்படியே இருக்கும், நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு கோளாறைக்கூட அமுக்கிவிட்டு வந்ததில்லை. அந்தச் சின்ன டப்பாவுக்காக இத்தனை வருஷப் பழக்கத்தை விடுவதா? உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

உள்ளறைக்கு மட்டும் தனி லைன். அதற்கான சுவிட்ச் முன்னறையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்தது. ஒரு மதியம், இரண்டரைக்கு, அதைக் கீழே தள்ளினேன். மிஷின் நின்றது, உள்ளே விசிறியும் நின்றது. கரண்டு நின்றால் மிஷின் கீச்சென்று கத்தும், அதை நான் மறந்திருந்தேன். கத்தியது. பாட்டு ஆரம்பித்திருந்தது.

"கரண்டு போச்சாடா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"சரிடா."

கரண்டு போயிருந்தால் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் அப்போது அதை யோசிக்கவில்லை. ட்யூனர் முகப்பில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் படுத்திருந்த இடத்திலிருந்து அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

நாலு நிமிஷத்தில் சுவிட்சை மேலே தள்ளிவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தேன். கொஞ்சம் வியர்த்திருந்தார். வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் மிஷினுக்குத் தூசி தட்டும்போது கத்துகிற பகுதிக்கு இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்தேன். அந்தக் கீச்சும் ட்யூனரில் விழுந்தது.

நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. நீல அட்டை நோட்டு. விரல் கிளிப்பில் வந்த எண்களையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். மிஷின் ஓடும்போது தொண்ணூற்று நாலு. நிறுத்தி ஐந்து நிமிஷத்தில் எண்பத்தொன்பது. பதினொரு நிமிஷத்தில் எண்பத்து நாலு. எண்பத்தெட்டுக்குக் கீழே விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். நான் ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று கூட்டினேன். எண்பதில் உதட்டின் நிறம் மாறும். எழுபத்தாறில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். திரும்பப் போட்டால் பத்தே நிமிஷத்தில் தொண்ணூற்றுக்கு வந்துவிடுவார். உடம்பு பழகிக்கொள்கிறது என்றே நினைத்தேன். நான் அவரைக் கொல்ல நினைத்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டு நேரம் குறித்திருப்பேனா? அதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியவர் மூன்றாவதை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை மணிக்குடா கரண்டு போகும்?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டரைக்குண்ணே" என்றேன்.

"அப்போ அதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன். போனப்புறம் எழுந்திருக்க முடியல."

கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப்போனேன். டியூபின் நீளம் பாத்ரூம் வரை எட்டும். திரும்பி வந்து படுத்ததும் அவரே போர்வையை இழுத்து மார்புவரை மூடிக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கு ஒரு நாளாவது விட்டுவிடலாம் என்று தோன்றியது. இரண்டரை வரை அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அவர் ஏன் நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? நகம் நீலமாக இருக்கிறது என்று முதலில் பார்த்தது அந்த அம்மாதான்.

"என்ன பெரியப்பா, நகமெல்லாம் இப்படி இருக்கு? மிஷின் ஓடிட்டுதானே இருக்கு?" அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் ஓரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் பாத்துக்கறாம்மா" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அவனும் என்ன பண்ணுவான், பாவம். அவனுக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

நர்ஸம்மாவுக்கு அது புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், மத்தியானம் எல்லாம் ஓடுதா?" என்றார்.

"இதோ ஓடுதே" என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்து, நோய் முற்றுகிறது, ஆக்சிஜனை இரண்டு லிட்டரிலிருந்து மூன்றாகக் கூட்டுங்கள் என்றார். நான் கூட்டினேன். அதன் பிறகு மிஷின் இன்னும் உரக்க உறுமியது. மதியத்தைத் தவிர மற்ற நேரங்களில் அந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை.

மிஷினைத் திருப்பி எடுத்துப்போக வந்த ஆள்தான் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஒரு எண் அதன் பின்புறம் இருக்குமாம். வைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பத்தாறு மணி நேரம் குறைகிறதாம். அவன் கெட்டிக்காரன். நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. நாற்பத்தாறு சரியாகத்தான் இருக்கும். என் நோட்டில் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான் வரும். கடைசிப் பத்து நாளுக்கு மட்டும் கிளிப் எண் இருக்காது. நேரம் மட்டும் எழுதியிருப்பேன். அந்த எண்ணைப் பார்த்தால் பாட்டில் மனம் நிற்கவில்லை. அதனால் கிளிப் மாட்டுவதை விட்டுவிட்டேன்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

ட்யூனரில் ஒரு வேலை பாக்கி இருந்தது. உள்ளே காயில்கள், அதாவது சின்னச் சின்னக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு திருகு. வயதானால் அவை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். தொலைவில் இருக்கிற, மங்கலாகக் கேட்கிற ஒரு நிலையத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் திருப்புளியால் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, எங்கே சத்தம் தெளிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று கெடும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. குறைந்தது ஒரு மணி நேரம் சுத்தமான அமைதி வேண்டும். அதுவரை அதிகபட்சம் ஐம்பத்திரண்டு நிமிஷம் போயிருந்தோம்.

இரண்டரைக்குச் சுவிட்சைத் தள்ளினேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

நேரம் போனதே தெரியவில்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று உங்கள் கூட இருக்கிறவர் கேட்டார். நல்ல மனசுடன்தான் கேட்டார். ஆனால் அது உண்மை இல்லை. கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. மூன்று இருபது ஆனது தெரியும். மூன்றரை ஆனது தெரியும். ஆறு காயிலில் நாலு முடிந்திருந்தது. எழுந்து போய்ச் சுவிட்சைத் தள்ள நாலு அடி நடக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. அணைத்தது நான், போடாமல் இருந்ததும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால், அதுவரை செய்யாத ஒன்றை அண்ணன் செய்தார். கட்டில் ஓரத்து இரும்புக் கம்பியில் விரல் மோதிரத்தால் தட்டினார். டிங், டிங், டிங் என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்று மாதமாக அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இப்போது அவரும் கேட்கிறார், தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

அவர் கொஞ்சம் வேகமாகத் தட்டினார். பிறகு மெதுவாக. அப்புறம் நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்குகிறவரை எழுப்புவானேன்? ஐந்தாவது காயிலை முடித்தேன், ஆறாவதையும் முடித்தேன். தொலைதூரத்து நிலையம் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

மூன்று ஐம்பதுக்குச் சுவிட்சை மேலே தள்ளினேன். விசிறி சுற்றியது, மிஷின் உறுமியது. உள்ளே போனேன். டியூப் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. கண் திறந்திருந்தது. முகம் முன்னறைப் பக்கம் திரும்பியிருந்தது. நான் மூடிவிட்டேன். இழுப்பறையிலிருந்து பேட்டரியை எடுத்து மிஷினில் அதன் இடத்தில் மாட்டினேன். பிறகு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். இந்த வரிசையில்தான் செய்தேன். வரிசை முக்கியம் என்று நீங்கள் சொன்னதால் சொல்கிறேன்.

அவர் கஷ்டப்படவில்லை என்றே நான் இப்போதும் நம்புகிறேன். கஷ்டப்படுகிறவர் கூப்பிடுவார். என் அண்ணன் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கடைசியில் அவர் செய்ததெல்லாம் எனக்குத் தாளம் போட்டதுதான். அந்தக் கை ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல தாளம், தப்பே இல்லை.

எந்தப் பாட்டுக்கு என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் பாட்டு எதுவும் இல்லை, மேடம். வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.